குழந்தை பிறந்தா திருந்திடுவாரா?

வளைகாப்பு வீடு. கை கொள்ளாத கண்ணாடி வளையல், தட்டு தட்டாகக் கலந்த சாதம், கூடம் நிறைய சிரிப்புச் சத்தம். சமையலறை வாசலில் மட்டும் பெண்ணின் அம்மாவும் பெரியம்மாவும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறார்கள்.

''மாப்பிள்ளைக்கு இன்னும் அந்தப் பழக்கம் இருக்கா?''

''வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள்... ஃப்ரெண்ட்ஸோடதான். மத்தபடி தங்கமான பிள்ளை அக்கா.''

''விடு, கவலைப்படாதே. ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும்!''

உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீட்டில் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஏன், நீங்களே சொல்லியும் இருக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... 'கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்' என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னோம். அது நடக்கவில்லை. இப்போது அதே பொறுப்பை, இன்னும் பிறக்காத ஒரு சிசுவின் தலையில் கட்டுகிறோம். மூன்று கிலோகூட இல்லாத பச்சைக் குழந்தை, வளர்ந்த ஒரு மனிதரைத் திருத்த வேண்டுமாம்!

குழந்தை பிறந்தால் தானாகத் திருந்துவார் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால், குழந்தை பிறப்பதற்கு முன்னால் உள்ள இந்தப் பத்து மாதம், ஒரு ஆண் மாறுவதற்குக் கிடைக்கிற அருமையான வாய்ப்பு. அந்த வாய்ப்பை நாம் எல்லோருமாகச் சேர்ந்து வீணடிக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

'நம்ம வீட்டுல அப்படியெல்லாம் இல்லை!'

குடிகாரர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, வேட்டி நழுவ ரோட்டோரம் விழுந்து கிடக்கும் ஆசாமிதான். நம் வீட்டுக்காரரோ சலவைச் சட்டை போட்டு ஆபீஸ் போகிறார். மாதம் பிறந்தால் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆகவே, 'நாங்க அந்த ரகம் இல்லை' என்று நிம்மதியாக இருந்து விடுகிறோம்.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மது அருந்துகிறார். இவர்கள் எல்லோருமே ரோட்டோரம் கிடப்பவர்களா என்ன?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 10 கிராம் ஆல்கஹாலை 'ஒரு அளவு' என்று வைத்துக்கொள்வது மருத்துவர்களின் வழக்கம். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் சாதாரணமாக 42.8 சதவிகிதம் ஆல்கஹால். அந்தக் கணக்கில் 30 மில்லி, அதாவது ஒரு சின்ன பெக், ஒரு அளவு. 180 மில்லி 'குவார்ட்டர்' என்றால் ஆறு அளவு, 60 கிராம். ஒரே உட்காரலில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால் அதை மிதமிஞ்சிய குடி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆக, 'ஒரு குவார்ட்டர்தானேப்பா' என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அதுவே எல்லைக்கோடு! 'நான் பீர் மட்டும்தான்' என்பவர்களும் தப்ப முடியாது. 8 சதவிகிதம் உள்ள 'ஸ்ட்ராங்' பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று, நாலு சின்ன பெக்குக்குச் சமம்.

எந்த அளவு குடித்தாலும் உடம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால், இங்கே நான் பேச வந்தது அவருடைய ஈரலைப் பற்றி இல்லை. பிறக்கப் போகிற குழந்தையைப் பற்றி.

ராத்திரி ரெண்டு மணி...

பிரசவ வலி நல்ல நேரம் பார்த்து வருவதில்லை. ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் உடம்பிலிருந்து அது முழுக்க வெளியேற, மணிக்கு ஒரு அளவு வீதம் போட்டாலும், விடியற்காலை நாலு மணி ஆகிவிடும். காபியோ, மோரோ, குளிர்ந்த நீரில் குளியலோ இந்த வேகத்தைக் கூட்டாது. ரெண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தால் யார் காரை எடுப்பது? யார் டாக்டரிடம் பேசுவது? 'ஆபரேஷன் செய்யலாமா?' என்று கேட்டால் நிதானமாக யோசித்துக் கையெழுத்துப் போடப் போவது யார்?

108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால், கூட வரும் கணவர் நிதானத்தில் இருந்தால்தானே அந்தப் பெண்ணுக்குத் தைரியம்?

குழந்தை வீட்டுக்கு வந்தபிறகும் ஆபத்து இருக்கிறது. நம் வீடுகளில் குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு படுப்பது சகஜம். குடித்துவிட்டுத் தூங்குகிறவருக்கு, தன் கையோ உடம்போ குழந்தையை அழுத்துவது தெரியாது. மூச்சு முட்டிக் குழந்தை இறந்துபோகும் அபாயம் இதில் நிஜமாகவே இருக்கிறது. குடித்தவர் படுத்திருக்கும் கட்டிலிலோ பாயிலோ குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது.

விடாமல் அழும் குழந்தையைப் போதை எரிச்சலில் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். ஒரே ஒரு நிமிட ஆத்திரம்... அப்புறம் காலமெல்லாம் அழுதாலும் திரும்பி வராது.

வெளியே நிறுத்தப்பட்ட அப்பா

சரி, எல்லாத் தவறும் அந்த மனிதருடையது மட்டும்தானா? பாட்டிலைத் திறப்பது அவர் கைதான். அந்தப் பொறுப்பிலிருந்து அவர் தப்பிக்க முடியாது. ஆனாலும் நாம் செய்யும் ஒரு காரியத்தையும் பார்க்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். பிரசவம் ஆகி, மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் திரும்பி வருகிறாள். அருமையான வழக்கம்தான். அம்மாவின் கையால் சாப்பாடு, ஓய்வு, தெம்பு... யார் வேண்டாமென்பார்கள்? ஆனால், இந்தப் பக்கம் கணவர் தனியாக நிற்கிறார். வீட்டில் கேட்க ஆளில்லை. ஹோட்டல் சாப்பாடு. 'என்ன மச்சி, இப்ப நீ பேச்சிலர்தானே!' என்று கதவைத் தட்டும் நண்பர்கள். வாரம் ரெண்டு நாள் நாலு நாளாவது இந்தச் சமயத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால் அங்கே அவர் விருந்தாளி. டிபன், காபி, டி.வி. குழந்தையைத் தூக்கினால், ''பார்த்து மாப்பிள்ளை... கழுத்து நிக்கலை... குடுங்க இப்படி!'' துணி மாற்றப் போனால், ''ஐயோ, இதெல்லாம் நீங்க எதுக்குப் பண்ணிக்கிட்டு?'' மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால், அதற்கு அர்த்தம், 'இங்கே உங்களுக்கு வேலை இல்லை' என்பதுதான்.

இங்கேதான் அந்தச் சுழல் ஆரம்பிக்கிறது. வேலையில்லாதவர் வெளியே போகிறார். வெளியே போனவர் குடித்துவிட்டு வருகிறார். குடித்துவிட்டு வந்தவரைப் பார்த்து, ''குழந்தையைத் தொடாதீங்க!'' என்கிறாள் மனைவி. நியாயமான கோபம்தான். அதைக் கேட்டவர் மறுநாள் இன்னும் தாமதமாக வருகிறார். ஒரு வருஷத்தில் குழந்தை அம்மாவின் குழந்தையாகவே ஆகிவிடுகிறது. அப்பா, சம்பளம் கொண்டுவரும் ஆசாமி.

இதில் இன்னொன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பின் தாய்மார்களுக்கு மனச்சோர்வு வருவது நமக்குத் தெரியும். அப்பாக்களுக்கும் வரும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கணக்கில், பத்தில் ஒரு தகப்பனுக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு இருந்தது தெரிய வந்தது. பணக் கவலை, பயம், தூக்கமின்மை... வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆண், அதைக் கிளாஸில் ஊற்றி மறக்கப் பார்க்கிறார்.

ஏன் இந்தப் பத்து மாதம்?

'இத்தனை வருஷமா மாறாதவர் இப்ப மட்டும் மாறுவாரா?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. முதன்முறை ஸ்கேனில் அந்தக் குட்டி இதயத்தின் 'லப் டப்' சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்காத ஆண் குறைவு. 'நான் என் அப்பா மாதிரி இருக்கக் கூடாது' என்றோ, 'என் அப்பா மாதிரி இருக்கணும்' என்றோ அவர் தனக்குத்தானே நினைக்கிற காலம் இது. புது மனிதனாக ஆகவேண்டும் என்கிற ஆசை, யாரும் சொல்லாமலேயே உள்ளே முளைத்திருக்கிறது. அந்த ஆசைக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஃபைன்பெர்க் என்பவர், முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகளுக்காக ஒரு வகுப்பை உருவாக்கினார். பிரசவத்துக்கு முன் நாலு வகுப்பு, பின் நாலு வகுப்பு. மூச்சுப் பயிற்சியும் குளிப்பாட்டலும் மட்டுமல்ல. குழந்தை விஷயத்தில் ரெண்டு பேரும் எப்படி ஒரே கட்சியாக இருப்பது, சண்டையை எப்படி வளர விடாமல் நிறுத்துவது, வேலையை எப்படிப் பங்கு போடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்புக்கு வந்த தம்பதிகள் ஒருவருக்கொருவர் அதிகம் ஆதரவாக இருந்தார்கள். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைவாக இருந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு சொல்லிற்று.

'நம்ம ஊருக்கு வகுப்பெல்லாம் எதுக்கு?' என்று சிரிக்காதீர்கள். வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்கப் பயிற்சி எடுக்கிறோம். ஒரு உயிரை வளர்க்க ரெண்டு பேரும் எட்டு நாள் உட்கார்ந்து பேசினால் குறைந்தா போய்விடுவோம்?

மனைவிக்கு ஒரு வார்த்தை

அவர் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். அப்போது பேசுவது பாட்டிலிடம் பேசுவதற்குச் சமம். காலையில், அவர் நிதானமாக இருக்கும்போது, மாமியார், மைத்துனர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

''நீங்க குடிச்சுக் குடிச்சே குடும்பத்தைக் கெடுக்கறீங்க'' என்று ஆரம்பித்தால், அடுத்த நிமிடமே அவர் தன் தரப்பு வக்கீலாகிவிடுவார். ''எனக்குப் பயமா இருக்குங்க... ராத்திரி வலி வந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்?'' என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு எதிர்வாதம் கிடையாது.

கவுன்சலிங் செய்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை நீங்களும் கேட்கலாம். ''குடியைக் குறைக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?''

''ம்... மூணு.''

''மூணுதானா?'' என்று குத்திக்காட்டிவிடாதீர்கள். ''சரிங்க, ஏன் ஜீரோ போடலை?'' என்று கேளுங்கள். அந்த மூன்று மார்க்குக்கான காரணத்தை அவரே தன் வாயால் சொல்வார். நாம் ஆயிரம் தடவை சொல்வதைவிட, அவர் ஒருமுறை சொல்வதற்குப் பலம் அதிகம்.

அதோடு, அவருக்கு நிஜமான பொறுப்பு கொடுங்கள். செக்கப்புக்குக் கூட வருவது, இரும்புச்சத்து மாத்திரை கணக்கு, மருத்துவமனைப் பையைத் தயார் செய்வது, ராத்திரி ஒரு வேளை குழந்தையைப் பார்த்துக்கொள்வது... இவையெல்லாம் அவருடையது. டயபரைக் கோணலாகக் கட்டினாலும் பரவாயில்லை, பிடுங்கி நீங்கள் மாற்றாதீர்கள். பத்தாவது தடவை அவரே சரியாகக் கட்டுவார். ஒரே ஒரு நிபந்தனை: குடித்த அன்று குழந்தை அவர் கைக்கு வராது. இதைச் சண்டையில் சொல்லாமல் முன்கூட்டியே ரெண்டு பேரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர் கை நீட்டுகிறவர் என்றால், மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். முதலில் நீங்களும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். 181 மகளிர் உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் வருடத்துச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொறுத்துப் போவது இங்கே பெருமையே இல்லை.

கணவருக்கு ஒரு வார்த்தை

'நான் வீட்டு வேலைல ஹெல்ப் பண்றேன்' என்று சொல்லிக்கொள்கிறீர்களா? ஹெல்ப் என்பது பக்கத்து வீட்டுக்காரர் செய்வது. இது உங்கள் குழந்தை.

உலக சுகாதார நிறுவனம் 1989-ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனையை வெளியிட்டது. முதல் மூன்று கேள்விகளை மட்டும் இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறேன்? குடிக்கும் நாளில் எவ்வளவு? ஆறு அளவோ அதற்கு மேலோ, அதாவது ஒரு குவார்ட்டர், எத்தனை நாளுக்கு ஒருமுறை? பதிலை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மனதில் இருக்கும் கணக்கு வேறு, காகிதத்தில் வரும் கணக்கு வேறு.

பிறகு, 'இனிமே தொடவே மாட்டேன்' என்று சாமி படத்தின் மீது சத்தியம் செய்வதைவிட, ''இன்னைக்குக் குடிக்க மாட்டேன்'' என்று தினமும் காலையில் மனைவியிடம் சொல்லுங்கள். அவள் ஊரில் இருந்தால் போனில் சொல்லுங்கள். பதிலுக்கு அவள், ''தேங்க்ஸ்ங்க'' என்று மட்டும் சொல்லட்டும். பழைய கதையைக் கிளற வேண்டாம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைதான் சோதனை நேரம். அந்த நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிடுங்கள், வயிறு நிறைந்தால் ஆசை கொஞ்சம் அடங்கும்.

குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் நண்பர்கள், ''அப்பா ஆயிட்டே... ட்ரீட் எங்கே?'' என்பார்கள். அன்றைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். லட்டு டப்பாவை நீட்டுங்கள்!

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்று இலவச எண்கள் உள்ளன. பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. சர்க்கரைக்கு டாக்டரிடம் போக வெட்கப்படுகிறோமா? அதுபோல்தான் இதுவும்.

மனைவிமார்களுக்கும் மாமியார்களுக்கும் இதே இடத்தில் ஒன்று. 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று விற்கும் பொடி, மாத்திரைகளை நம்பாதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. குடியை நிறுத்தத் தரும் சில மாத்திரைகளை விழுங்கியது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், உயிரே போகலாம். தெரியாமல் கொடுப்பது வைத்தியமே இல்லை.

பெரியவர்களுக்கும் டாக்டர்களுக்கும்

மாப்பிள்ளையை விருந்தாளியாக உட்கார வைக்காதீர்கள். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் நகர்ந்து போங்கள். பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டில் இருந்தாலும், வாரத்துக்கு ரெண்டு மூன்று நாளாவது அவர் அங்கே வந்து தங்க இடம் கொடுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. அந்த 15 நாளும் கிரிக்கெட் பார்ப்பதற்கல்ல.

டாக்டர்களே... கர்ப்பிணியிடம் ரத்தசோகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரிக்கிறீர்கள். பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பார்த்து, ''நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம் எப்படி? டிரிங்க்ஸ் உண்டா?'' என்று ஒரு நிமிடம் கேளுங்கள். திட்ட வேண்டாம், கேட்டால் போதும். வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதவர், உங்கள் ஒரு வார்த்தைக்கு மதிப்புக் கொடுப்பார். பல இடங்களில் அவரை 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' போர்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறோம். வெளியே நிற்பவருக்குத் துணை, எதிரே இருக்கும் கடைதான்.

அடுத்தமுறை ஒரு வளைகாப்புக்குப் போகும்போது, 'குழந்தை பொறந்தா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்த மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து, ''தம்பி, இன்னும் மூணு மாசம் இருக்கு. என்ன பண்ணப் போறீங்க?'' என்று அன்பாகக் கேளுங்கள்.

குழந்தைக்குத் தொட்டில் வாங்க நாள் பார்க்கிறோம், பெயர் தேடுகிறோம். அப்பாவையும் தயார் செய்ய வேண்டாமா?